ஆதன் அப்பா

மாலை மூன்றரை மணிக்குச் சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையில் ஏதாவது ஒரு மழலையர் பள்ளியின் வாசலில் போய் நின்றால், பெரியவர்கள் யாருடைய சொந்தப் பெயரும் காதில் விழாது. "யாழினி அம்மா, நாளைக்கு லீவாமே?" என்று ஒரு குரல். "ஆதன் அப்பா, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்று இன்னொரு குரல். வருடக்கணக்காக ஒரே வாசலில் காத்து நிற்பவர்கள்தான். ஆனாலும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. கைப்பேசியில்கூட 'ஆதன் அப்பா' என்றுதான் எண்ணைப் பதிந்து வைத்திருப்பார்கள்.

அந்தப் பிள்ளையின் பெயரை முதல் தடவை கேட்கிறவர்கள் பாதியிலேயே திருத்தத் தொடங்குவார்கள். ஆதவனா, ஆதித்யாவா, ஆதமா என்று கேள்வி வரும். "இல்லைங்க, ஆதன்" என்று மறுபடி சொன்னால், "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்பார்கள். இந்தப் பெயரை வைத்த பெற்றோர் பெரும்பாலும் சொல்லும் பதில் ஒன்றே: "கீழடியில கிடைச்ச பேரு."

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. இந்தியத் தொல்லியல் துறை 2014-15இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. 2018இல் நடந்த நான்காம் கட்டத்தைத் தமிழ்நாடு தொல்லியல் துறை மேற்கொண்டது. அதன் அறிக்கை 2019 செப்டம்பரில் வெளியானபோது நாடே பேசியது ஓர் ஆண்டைப் பற்றித்தான். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கரிமப் பகுப்பாய்வு காட்டியிருந்தது. அதே அறிக்கையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகளும் இடம்பெற்றிருந்தன. அவற்றில் ஒன்றில் 'ஆதன்' என்றும், இன்னொன்றில் 'குவிரன் ஆதன்' என்றும் வாசிக்கப்படும் பெயர்கள் இருந்தன.

அந்த எழுத்துகளை அருகில் வைத்துப் பார்த்தால் ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். தமிழியில் 'த' மிக எளிய எழுத்து. மேலிருந்து இறங்கும் ஒரு கோடு கீழே இரண்டு கால்களாகப் பிரியும், அவ்வளவுதான். வளைவான பானையின் தோள்பட்டையில் கூரான கருவியைப் பிடித்துக் கீறும்போது கோடு கொஞ்சம் சறுக்கும். ஓட்டுக்கு ஓடு கையெழுத்து மாறுகிறது. அதனால் பானையை வனைந்தவர்கள் மட்டுமல்லாமல் வாங்கிப் புழங்கியவர்களும் தங்கள் கையாலேயே பெயர் எழுதினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கல்யாண வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் எவர்சில்வர் குண்டானில் பெயர் வெட்டிக் கொடுக்கும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பானை திரும்பி வர வேண்டும், அதற்குப் பெயர் வேண்டும்.

இதே பெயரை அரசர்களும் வைத்திருந்தார்கள். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துக்குத் தலைவன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். கபிலர் பாடிய ஏழாம் பத்துக்குத் தலைவன் செல்வக்கடுங்கோ வாழியாதன். கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழிக் கல்வெட்டு, ஆதன் செல்லிரும்பொறையில் தொடங்கி மூன்று தலைமுறைச் சேரர்களை வரிசைப்படுத்துகிறது. ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் ஆதனையும் அவினியையும் வாழ்த்தித்தான் தொடங்குகின்றன. பூதப்பாண்டியன் தன் நண்பர்களை அடுக்கிச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டில் ஆதனழிசி என்று ஒருவன் வருகிறான். கொங்கு நாட்டுக் கொடுமணல் அகழாய்விலும் இந்தப் பெயர் பானை ஓட்டில் கிடைத்தது. இமயம் வரை புகழ் சொல்லப்பட்ட சேரனும், வைகைக் கரையில் ஒரு பானையைச் சொந்தமாக வைத்திருந்தவரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டிருக்கிறார்கள். இன்றைக்கு முருகன், குமார் என்று கூப்பிட்டால் தெருவில் நான்கு பேர் திரும்புகிற மாதிரி, அன்றைக்கு ஆதன் என்றாலும் பலர் திரும்பியிருப்பார்கள்.

அவ்வளவு பரவலாக இருந்ததால்தான் தொல்காப்பியர் இந்தப் பெயருக்கென்று தனியாக விதி எழுத வேண்டியிருந்தது. எழுத்ததிகாரத்தில், புள்ளிமயங்கியலில் அது இருக்கிறது. ஒரு மகனின் பெயரோடு 'தந்தை' என்ற சொல் சேர்ந்தால் ஒலி எப்படிச் சுருங்கும் என்று அவர் விளக்குகிறார். சாத்தனின் தந்தை சாத்தந்தை. கொற்றனின் தந்தை கொற்றந்தை. ஆதனும் பூதனும் இன்னும் ஒரு படி அதிகமாகச் சுருங்குகிற பெயர்கள். பூதனின் தந்தை பூந்தை, ஆதனின் தந்தை ஆந்தை.

வாய் ஓயாமல் புழங்குகிற சொல்தான் இப்படித் தேயும். 'ஆதன் தந்தை' என்று ஊரெல்லாம் தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு 'ஆந்தை' ஆகியிருக்கிறது. இலக்கணக்காரர் அதைக் காதால் கேட்டு விதியாக எழுதினார்.

இந்த விதி தெரிந்தால் சங்க இலக்கியத்தின் அருமையான மனிதர் ஒருவரின் பெயர் துலங்கிவிடும். பிசிராந்தையார் என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகள், அதில் பறவையைத்தான் பார்க்கிறார்கள். பிசிர் பாண்டிய நாட்டு ஊர். அந்த ஊரில் ஆதன் என்ற பிள்ளைக்குத் தகப்பனாக இருந்தவர் பிசிர் ஆந்தையார் என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டுவார்கள். உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனை நேரில் பார்க்காமலேயே நட்புக் கொண்டவர் அவர். சோழன் வடக்கிருந்தபோது தேடி வந்து பக்கத்தில் இடம் பிடித்து உயிர் விட்டவர். வயதாகியும் தலை நரைக்காதது ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணங்களில் முதலில் வருவது மாண்புள்ள மனைவி, அடுத்து அறிவு நிரம்பிய மக்கள். பாரதிதாசன் இவரைப் பற்றி எழுதிய நாடகத்துக்கு 1969க்கான சாகித்திய அகாதமி விருது, அவர் மறைந்த பிறகு கிடைத்தது. ஆந்தையாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று ஒரு பாட்டிலும் இல்லை. பிள்ளையின் பெயர்தான் அவரை இரண்டாயிரம் ஆண்டு சுமந்து வந்திருக்கிறது.

தகப்பன் பெயரைப் பிள்ளை சுமக்கும் வழக்கமும் அன்றே இருந்தது. தொல்காப்பிய உரைகளில் சாத்தனின் மகனான கொற்றன் 'சாத்தங்கொற்றன்' ஆகிறான். கீழடி ஓட்டின் குவிரன் ஆதனையும் குவிரனின் மகன் ஆதன் என்று கொள்ளலாம். அவர் இன்று கீழ்க்கட்டளையில் குடியிருந்தால் ரேஷன் அட்டையில் 'கு. ஆதன்' என்று இருக்கும். பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது. பானையில் எழுதியவர்கள் முன்னெழுத்தோடு நிற்காமல் முழுப் பெயரையும் எழுதினார்கள்.

இப்படி ஊரெங்கும் ஒலித்த பெயர் எங்கே போயிற்று? பக்தி இயக்கம் பரவியபோது தமிழர் பெயர்களின் முகமே மாறியது. சிவனின் பெயரும் திருமாலின் பெயரும் கோயில் கொண்ட ஊர்களின் பெயரும் பிள்ளைகளுக்கு வந்தன. அதே காலத்தில் 'ஆதர்' என்ற சொல் அறிவில்லாதவர் என்ற பொருளில் சமணரைச் சாடப் பயன்பட்டது. அகராதியைத் திறந்தால் இன்றும் ஆதன் என்ற சொல்லுக்கு உயிர், அருகன் என்ற பொருள்களோடு அறிவில்லாதவன், குருடன் என்பவையும் நிற்கும். ஆசையோடு பெயர் தேடும் இளம் பெற்றோர் இந்த வரியைப் பார்த்துத் திகைத்துப் போவதுண்டு. திகைக்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் இதை மக்கட்பெயராகத்தான் எடுத்தாள்கிறது. சேர அரசர்கள் வசைச்சொல்லைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மறைந்த பெயர்கள் திரும்பி வந்ததில் கீழ்க்கட்டளைக்குப் பக்கத்து ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. ரேடியல் சாலையில் கொஞ்ச தூரம் போனால் பல்லாவரம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வேதாசலம், அந்தப் பணியை விட்டு 1911இல் பல்லாவரத்தில் குடியேறினார். பின்னாளில், 1937இல், அந்தக் கல்லூரியும் தாம்பரத்துக்கு வந்துவிட்டது. 1916இல் அவர் தன் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. பிள்ளைகளின் பெயர்களும் மாறின. திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி, சுந்தரமூர்த்தி அழகுரு, திரிபுரசுந்தரி முந்நகரழகி. அவருக்கு முன்பே அதே கல்லூரியில் தமிழ் கற்பித்த சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற்கலைஞர் என்று பெயர் புனைந்திருந்தார்.

பல்லாவரத்தில் நடந்தது மொழிபெயர்ப்பு. பொருளைத் தக்க வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார்கள். முந்நகரழகி என்ற பெயரை வேறெங்கும் கேட்பது அரிது. அடுத்த தலைமுறை வேறு வழியில் போனது. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அதைத் தொடர்ந்து சேரன், செழியன், பாரி, இளங்கோ என்று வீடுகளில் அரசர்களும் வள்ளல்களும் புலவர்களும் பிறந்தார்கள். கீழடிக்குப் பிறகு வந்த அலை இந்த இரண்டிலிருந்தும் விலகியது. இது யாரும் மொழிபெயர்த்துத் தந்த பெயரல்ல. அரசர்களிடம் இருந்த பெயர்தான் என்றாலும், இன்றைய பெற்றோர் அதை எடுத்தது ஒரு பானை ஓட்டிலிருந்து. போர் வென்றதாகவோ பொன் கொடுத்ததாகவோ எந்தப் பதிவும் இல்லாத மனிதர் ஒருவரின் பெயரைத் தமிழ்க் குடும்பங்கள் விரும்பித் தங்கள் பிள்ளைக்குச் சூட்டுவது இதுவரை அதிகம் நடக்காத காரியம். 2023 மார்ச் 5இல் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்ட பிறகு, அந்த ஓடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டவே மதுரைப் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். கீழ்க்கட்டளைக்காரர்கள் இதற்கு 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியை அணுக வேண்டும். தமிழில் மூன்றே எழுத்து என்பதால் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் 'ஏ' ஒன்றா இரண்டா, 'டி'யோடு 'ஹெச்' சேர்ப்பதா என்று ஒரு மாலை முழுக்கப் பேச்சு நடக்கும். கடைசி எழுத்தை மாற்றிப் போட்டால் 'ஆதார்' ஆகிவிடும் என்று தாத்தா எச்சரிப்பார். பாஸ்போர்ட் வரை கூடவே வரப்போகிற எழுத்துகள் என்பதால் குடும்பமே படிவத்தை இரண்டு தடவை வாசித்துப் பார்க்கும்.

பள்ளி வாசலில் மணி அடிக்கிறது. ஆசிரியை கம்பிக் கதவை ஒருக்களித்துத் திறந்து, "ஆதன் அப்பா" என்று கூப்பிடுகிறார். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு அவர் கூட்டத்தை விலக்கி முன்னே வருகிறார். ஆசிரியைக்கு அவசரம், இன்னும் இருபது பிள்ளைகளை அனுப்ப வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிடும்போது நடுவில் உள்ள எழுத்துகள் பாதி தேய்ந்தே வெளியே வருகின்றன. தொல்காப்பியரின் காதில் விழுந்ததும் ஏறக்குறைய இதே சத்தம்தான். தண்ணீர் பாட்டில் கழுத்தில் ஆட, ஒரு காலில் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்க, ஆதன் ஓடி வருகிறான்.