கடைசி இரண்டு பைட்டுகள்

மறைந்த ஆசிரியர் ஒருவரின் கையெழுத்துக் குறிப்பேடு; தொட்டால் பொடியும் தாள். நண்பர்கள் சிலர் கூடிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, நாங்களே அமைத்த இணையச் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு படத்தை மட்டும் அது ஏற்க மறுத்தது.

முதலில் கோப்பின் அளவைச் சந்தேகித்தோம். வரம்பை உயர்த்தியும் பயனில்லை. பெயரின் இறுதியில் ஜேபிஜி என்றுதான் இருந்தது. ஆனால் பெயர் எதையும் மெய்ப்பிப்பதில்லை. எந்தக் கோப்புக்கும் எப்பெயரையும் இடலாம். ஆகவே உள்ளே பார்த்தோம். 1992-இல் வகுக்கப்பட்ட ஜேபெக் தரத்தின்படி, கோப்பு எஃப்எஃப், டி8 என்னும் இரு பைட்டுகளில் தொடங்கி எஃப்எஃப், டி9 என முடியவேண்டும். தொடக்கம் சரி, முடிவைக் காணோம். படக்கருவியின் நினைவக அட்டையிலிருந்து நகலெடுக்கையில் பாதியில் அறுந்திருக்கிறது.

செயலி பயன்படுத்திய பைத்தான் மொழியின் பில்லோ நூலகத்தில், குறைபட்ட படத்தையும் ஏற்கச்செய்ய ஒற்றை வரி போதும். அலுப்பில் அதை எழுதியும் பார்த்தோம். படம் ஏறியது. மேற்பாதியில் ஆசிரியரின் எழுத்து. கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம்.

அவ்வரியை உடனே நீக்கினோம். அன்று மாலை அட்டையை அழித்துவிடுவதாக இருந்தோம். நல்லவேளை, அப்பக்கம் அதில் முழுமையாக இருந்தது. மீண்டும் நகலெடுத்தோம், செயலி மறுபேச்சின்றி ஏற்றது.

ஏடு சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பாசிரியர்களை வகுப்பில் போற்றுகிறோம். இல்லாததை இருப்பதாகக் காட்டாத நேர்மை அது. எங்களுக்கு எரிச்சலூட்டிய அந்த மறுப்பும் அதைத்தான் செய்திருந்தது.