திமிர் என்று நினைத்தேன்

ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்த நாட்களில் ஒரு பையனைத் திமிர் பிடித்தவன் என்று முடிவுகட்டினேன். மக்கு என்று ஒருநாளும் நினைக்கவில்லை. பாடத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், எங்கே கேட்டாலும் மணிமணியாகச் சொல்வான். அதே பதிலை எழுதச் சொன்னால் 'பழம்' 'பலம்' ஆகும், 'கொக்கு' 'கெக்கா' ஆகும், பாதிப் பக்கத்தில் பேனாவை மூடிவிடுவான். இவ்வளவு தெரிந்தவனுக்கு எழுத மட்டும் வராதா? வேண்டுமென்றே செய்கிறான் என்று தீர்மானித்தேன். பிழை ஒவ்வொன்றுக்கும் இம்போசிஷன். அதிலும் ஒரே சொல்லை விதவிதமாக எழுதி வந்தபோது நோட்டை விரித்துக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்தேன். அவன் அம்மாவிடம், "புள்ளைக்குக் கொழுப்பும்மா, கண்டிச்சு வைங்க" என்றேன். வீட்டிலும் அடி விழுந்திருக்கும். அதுவும் என் கணக்குதான்.

டிஸ்லெக்சியா என்பதைப் பின்னாளில் ஒரு பணியிடைப் பயிற்சியில்தான் கேள்விப்பட்டேன். அறிவில் குறைவிருக்காது, ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில்தான் சிக்கல் என்றார்கள். நம் எழுத்தும் இப்பிள்ளைகளைக் கொஞ்சம் படுத்தத்தான் செய்கிறது. 'கொ' என்பதில் காதுக்குக் ககரம் முதலில். கண்ணுக்கோ கொம்பு முதலில், கால் கடைசியில். கொக்கு ஏன் அப்படி ஆனது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதைவிட உறுத்துவது பின்னர் படித்த ஒரு செய்தி. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 'பெர்சி' என்ற தன் பெயரையே 'பிரெசி' என்று எழுதிய 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். பயிற்சி வகுப்புகள் இல்லாத காலம் அது. அவர் கண்டதைத்தான் நானும் கண்டேன். அவர் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றார். நான் குற்றம் என்றேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் கிடைக்கும். என் மாணவன் பொதுத்தேர்வு வரை வரவே இல்லை.

வகுப்பெடுப்பவர்களுக்கு ஒன்று: நோட்டு முழுக்கச் சிவப்பு மை விழும் பிள்ளையிடம் அதே கேள்விகளை வாயால் கேட்டுப் பாருங்கள். பதில் சரியாக வந்தால், பெற்றோரை அழைத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.