மூன்று விரல் மடிப்பு

சித்திரை மாதத்து வெய்யிலைப் பற்றி யாழ்ப்பாணத்தவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஏப்பிரல் 5ஆந் திகதியளவில் சூரியன் இலங்கையின் தென்கரைக்கு நேர் உச்சியில் வருகின்றது. பின்னர் நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, மாத நடுவில் எம் தலைக்கு மேல் நிற்கின்றது. இதனை வகுப்பறையிற் பல்லாண்டு கற்பித்து வரும் நாம், அந்த வெய்யிலில் ஆறு வயதுப் பெண்பிள்ளைக்கு எதனை உடுத்துவது என்பதை இவ்வாண்டுதான் கற்றுக்கொண்டோம்.

வருடப்பிறப்புக்கென மகளுக்குக் கடையொன்றில் மேற்சட்டை வாங்கினோம். பளபளக்கும் செயற்கை இழைத் துணி. மார்பிலே பசையால் ஒட்டிய மினுக்கங்கள். பிள்ளை துள்ளி மகிழ்ந்தாள். அணிந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. "அப்பா, கடிக்குது" என்று வந்து நின்றாள். கழற்றிப் பார்த்தால் முதுகெல்லாம் வேர்க்குரு. பருத்தி வியர்வையை உறிஞ்சி மெல்ல ஆவியாக்கும். இத்தகைய துணியோ அதனை உறிஞ்சாது, உடலோடு ஒட்டவைத்துவிடும். இதுவும் நாம் அறியாத விஞ்ஞானமன்று. கடை வெளிச்சத்தில் மறந்துபோயிற்று, அவ்வளவே.

எம் வீட்டு மூலையில் அம்மாவின் கைமெசின் மூன்றாண்டுகளாக மூடியபடி இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் அதனைத் தொடுவார் இல்லை. எம் இல்லாளுக்குத் தையல் வராது. எமக்கோ சிறுவயதில் அம்மா இரு கைகளாலும் துணியைப் பிடித்துக்கொள்ள, அருகிருந்து பிடியைச் சுற்றிய பழக்கம் உண்டு. "நாமே தைத்தால் என்ன?" என்றோம். "கேத்திரகணிதம் படிப்பிக்கிற உங்களுக்கு இது பெரிய வேலையே?" என்று இல்லாள் சிரித்தாள். அச்சிரிப்பின் பொருள் பின்னர்தான் விளங்கிற்று.

இயந்திரங்களை எளிதில் ஏற்காத காந்தியடிகள், சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கைவருந்தித் தைப்பதைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதனை ஆக்கினார் என்பது 1924ஆம் ஆண்டில் அவர் சொன்ன காரணம். சிங்கரின் இல்வாழ்க்கையைப் படித்தவர்கள் இக்கதையைச் சற்று ஐயுறுவர். ஆயினும் அவ்வியந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவர்களின் அன்பை ஐயுறுவதற்கில்லை.

நவீன சந்தையில் ஒரு மீற்றர் சீத்தை வாங்கினோம். வெளிர்நீலத்தில் வெள்ளைப் புள்ளி. முதலில் அதனை ஓர் இரவு நீரில் ஊறவிட்டு, நிழலில் உலர்த்தினோம். பருத்தி முதற் கழுவலிற் சுருங்கும். சுருங்க வேண்டியதைத் தைக்கு முன்னரே சுருக்கிவிடல் வேண்டும். மகளின் மார்புச் சுற்று 23 அங்குலம். காற்றோட்டத்துக்கென 4 அங்குலம் கூட்டினோம். கழுத்து வளைவை ஒரு சாப்பாட்டுக் கோப்பையை வைத்து வரைந்தோம். தோளிலிருந்து அக்குளுக்கு இறங்கும் வளைவுதான் எம்மை வென்றது. அது வட்டமுமன்று, நீள்வட்டமுமன்று. பழைய செய்தித்தாளில் மூன்று முறை வரைந்து, மூன்று முறை கிழித்தோம். ஈற்றில், பிள்ளைக்கு அளவான பழைய சட்டையொன்றைத் தாளின் மேல் விரித்து, அதன் ஓரத்தைப் பின்பற்றினோம். மாணவர் பார்த்து எழுதினால் நாம் கண்டிப்பது வழக்கம்.

கழுத்துக்கும் கைவளைவுக்கும் வைக்கும் பட்டியை நேராக வெட்டலாகாது. பாவின் வழியே இழுத்தாலும் ஊடையின் வழியே இழுத்தாலும் துணி நீளாது; 45 பாகைச் சரிவில் இழுத்தால் நீளும். இழைகளுக்கிடையே உள்ள சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாகிவிடுவதே காரணம். அவ்வாறு சரிவாக வெட்டிய பட்டிதான் வளைவிற் சுருக்கமின்றிப் படியும். வகுப்பில் நாம் கரும்பலகையிற் காட்டும் உருமாற்றத்தை, எந்தப் பள்ளியிலும் கேத்திரகணிதம் கல்லாத அம்மா விரல்களால் அறிந்திருந்தார்.

நான்கு நாட்களிற் சட்டை முடிந்தது. பின்னால் இரண்டு தெறிகள். அடிப்பகுதியில் அரை அங்குல மடிப்பு. அளவு மயிரிழையும் பிசகவில்லை. பெருமை தாளாமல், இலண்டனில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசியிற் படம் அனுப்பினோம். அவள் உடனே அழைத்தாள்.

"வடிவாய் இருக்குது அண்ணா. கீழே மடிப்பு எவ்வளவு விட்டனீங்கள்?"

"அரை அங்குலம்."

சற்று நேரம் பேச்சில்லை. "அம்மா எண்டால் மூண்டு விரல் விட்டிருப்பா" என்றாள்.

அவள் நினைவூட்டியது ஒரு மஞ்சட் சட்டையை. 1995ஆம் ஆண்டு சித்திரையில், அம்மா தம் நூற்சேலையொன்றை வெட்டி, ஐந்து வயதான தங்கைக்கு அதனைத் தைத்தார். பொருளாதாரத் தடையினாற் துணி அருமையாக இருந்த காலம். அடியிலே மூன்று விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துத் தைப்பதைப் பார்த்து, "ஏன் இவ்வளவையும் வீணாக்குறீங்கள்?" என்று கேட்டோம். எமக்கு அப்போது வயது 13. "அடுத்த வருஷம் வளர்ந்திடுவாள் எல்லே" என்றார் அம்மா, தலை நிமிராமலே.

அந்த அடுத்த வருடம் எளிதில் வரவில்லை. செப்ரெம்பர் 22ஆந் திகதி நாகர்கோவிற் பாடசாலையிற் குண்டு வீழ்ந்து பிள்ளைகள் மாண்டனர். ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுகளை விட்டுப் புறப்பட்டோம். நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடிவைத்து நகர்ந்த அக்கூட்டத்தில், அப்பாவின் துவிச்சக்கர வண்டியின் பின்னே படுக்கை விரிப்பிற் சுற்றிய கைமெசினும், அம்மாவின் இடுப்பில் அம்மஞ்சட் சட்டையுடன் தங்கையும் இருந்தனர்.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபம் எமக்கு வீடாயிற்று. 1996ஆம் ஆண்டு வருடப்பிறப்பு அங்கேதான் வந்தது. புதுத்துணிக்கு வழியில்லை. தங்கைக்குச் சட்டை குட்டையாகிவிட்டது. அம்மா பலாமர நிழலில் அமர்ந்து, அடித்தையலைப் பிரித்து மடிப்பை இறக்கினார். சட்டையின் மேற்பகுதி வெளிறிப் போயிருக்க, மடிப்பினுள் இருந்த பகுதி பழைய மஞ்சள் மாறாமல் இருந்தது. இரண்டுக்கும் இடையே மடிப்புத் தடம் ஒரு கோடாகத் தெரிந்தது. எங்கிருந்தோ சேர்த்துவைத்த சிவப்பு, பச்சை நூல்களைக் கொண்டு, அக்கோட்டின் மேலேயே அம்மா பூவேலை செய்தார். சங்கிலித் தையலின் ஒரு கண்ணியைத் தனியே எடுத்து, அதன் நுனியைச் சிறு தையலாற் பிடித்தால் ஓர் இதழ்; ஐந்து இதழ் ஒரு பூ; நடுவே ஒரு முடிச்சு. மாலையில் தடம் மறைந்து, பூவரிசை ஒன்று நின்றது. தங்கை அதனைப் புதுச்சட்டை என்றே நம்பினாள். மண்டபத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டித் திரிந்தாள்.

பூக்களைத்தான் நாம் இத்தனை காலமும் நினைவில் வைத்திருந்தோம். அவற்றுக்கு இடங்கொடுத்த மடிப்பை மறந்துபோனோம். துணிக்கும் உயிருக்கும் உத்தரவாதமில்லாத ஓர் ஆண்டில், பிள்ளை அடுத்த ஆண்டும் இருப்பாள், வளர்ந்தும் இருப்பாள் என்று எண்ணி அம்மா துணியை மடித்தார். குறைவில்லாத இந்நாளில் நாம் அளவாக வெட்டிவிட்டோம்.

றங்குப் பெட்டியைத் திறந்து, அம்மாவின் வெள்ளை நூற்சேலையொன்றை எடுத்தோம். கத்தரிக்கோலை வைக்கக் கை தயங்கியது. இல்லாள்தான், "மாமி இருந்தால் தானே வெட்டித் தந்திருப்பா" என்றாள். ஆறு அங்குல அகலத்தில் ஒரு பட்டி வெட்டினோம். சட்டையோடு இணைக்க அரை அங்குலம், ஓரத்துக்கு அரை அங்குலம். எஞ்சிய ஐந்திற் பாதி வெளியே, பாதி உள்ளே. நீலமும் வெள்ளையும் சேரும் இடத்திற் பூ வைத்தோம். ஆறு இழை நூலை இரண்டிரண்டு இழையாகப் பிரித்துக் கொடுப்பது மகளின் வேலை. ஒரு பூவைத் தானே தைப்பேன் என்று அடம்பிடித்துத் தைத்தாள். அதற்கு நான்கே இதழ்கள். ஒன்று மற்றவற்றினும் நீளம். பிரித்துத் திருத்துவோமா என்று எண்ணி, விட்டுவிட்டோம்.

சட்டையை அணிந்துகொண்டு முற்றத்தில் ஓடியவள் திரும்பி வந்து, ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்குள்ள ஏன் இவ்வளவு துணி?"

"அது அடுத்த வருஷத்துக்கு" என்றோம்.