கொதித்தாலும் போகாதது

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு மாவட்டத்தைத் தாண்டித்தான் கடலைப் பார்க்கலாம். ஆனாலும் மீன் வாசம் இல்லாமல் எங்கள் சமையல் இல்லை. கருவாடு, நெத்தலி, மாசி, டின் மீன், கையில் காசு இருக்கும் நாளில் லொறியில் வரும் பச்சை மீன். தோட்டத்தில் மீனுக்கு நாங்கள் சொல்லும் பெயர்களில் பாதி சிங்களம்: சாலயா, லின்னா, பலயா. சந்தையில் என்ன பெயரோ அதுதான் வீட்டிலும்.

மீன் வாங்க எங்கள் வீடுகளில் மூன்று விதிகள் உண்டு. செவுள் சிவப்பா இருக்கணும். கெட்ட வாடை வரக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் நல்லாக் கொதிக்கணும். கிருமி விஷயத்தில் இந்த விதிகள் நல்ல விதிகள்தான். ஆனால் கடலில் சில நஞ்சுகள் இந்த மூன்றையும் தாண்டி வருகின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் நண்பன் ஒருவன் கொரியாவில் மீன்பிடி வேலைக்குப் போயிருக்கிறான். ஒருநாள் வட்ஸ்அப்பில் வீடியோ ஒன்று அனுப்பினான். கையளவு பெரிய கடல் நத்தைகள். ஒரு அக்கா அவற்றை அவித்து, ஓட்டிலிருந்து சதையை இழுத்து, நடுவில் கீறி, உள்ளே இருந்த வெளிர்மஞ்சள் உருண்டைகளை மட்டும் எடுத்து வீசுகிறார். “அதத் தின்னா வெறிக்குமாம்டா” என்று கீழே எழுதியிருந்தான். நாங்கள் சிரித்தோம். பிறகு தேடிப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த உருண்டை நத்தையின் உமிழ்நீர்ச் சுரப்பி. நெப்டியூனியா என்ற இனத்து நத்தைகளின் சுரப்பியில் டெட்ராமைன் என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைக் குழப்புவது அதன் வேலை. சாப்பிட்டு அரை மணித்தியாலம் அளவில் தலை சுற்றும், பார்வை மங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், கால் தள்ளாடும். நண்பன் எழுதிய “வெறி” இதுதான். பெரும்பாலும் சில மணித்தியாலத்தில் தெளிந்துவிடும், உயிர் போவது அபூர்வம். கொதிக்க வைத்தால் இந்த நஞ்சு அழியாது. தண்ணீரில் கரையும் என்பதால், சுரப்பியோடு அவித்தால் சதைக்கும் சாறுக்கும் பரவிவிடும். அங்குள்ளவர்களைக் காப்பாற்றுவது அந்த அக்காவின் கத்தி. எந்த இடத்தில் வெட்டணும் என்று அவருக்குத் தெரியும்.

எல்லா நத்தைக்கும் கத்தி உதவாது. நசாரியஸ் என்ற சிறிய நத்தையில் இருப்பது டெட்ரோடோடொக்சின். அது சதையிலும் இருக்கும், வெட்டி எறிய வழியில்லை. சீனாவின் சூஷான் தீவுகளில் 1977க்கும் 2001க்கும் இடையில் இத்தகைய நத்தைகளைச் சாப்பிட்டு 300க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 16 பேர் இறந்தார்கள்.

சரி, மாத்தளையில் யார் கடல் நத்தை தின்கிறார்கள்? அநேகமாக யாரும் இல்லை. ஆனால் அதே டெட்ரோடோடொக்சின் நம்முடைய கடலிலும் ஒரு மீனில் இருக்கிறது. ஊதிப் பந்து மாதிரி ஆகுமே, பேத்தை மீன். அதன் ஈரலிலும் சினையிலும் நஞ்சு அதிகம். சில வகைகளில் தோலிலும் சதையிலும்கூட உண்டு. தோலுரித்து, தலை வெட்டி, துண்டு போட்டுவிட்டால் அது எந்த மீன் என்று எங்களால் சொல்ல முடியுமா? முடியாது.

2023இல் மலையக மக்களின் 200 வருட வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. எங்களில் சிலர் மன்னார் பக்கம் சில நாட்கள் நடந்தோம். ஒரு கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், பேச்சை நிறுத்தாமலே ஒரு மீனை எடுத்துத் தூர எறிந்தார். என்னய்யா அது என்று கேட்டோம். “பேத்தை. நாங்க சாப்பிடுறேல்ல” என்றார். அவ்வளவுதான். அவருக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அப்பா சொல்லியிருப்பார், அவருக்கு அவர் அப்பா. எங்கள் பாட்டன்மார் அந்தக் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். இன்று மீனும் கரையிலிருந்து மலைக்கு ஏறி வருகிறது. மீனை எறிந்த அந்த ஐயாவின் அறிவு மட்டும் லொறியில் ஏறுவதில்லை.

பங்களாதேஷில் 2008இல் நடந்ததைப் படித்தபோது இது இன்னும் உறைத்தது. நர்சிங்தி, நாட்டோர், டாக்கா என்று கடலோரம் அல்லாத இடங்களில், பேத்தை மீனைப் பற்றித் தெரியாத மக்கள் வாங்கிச் சமைத்தார்கள். 141 பேருக்கு நஞ்சேறியது, 17 பேர் இறந்தார்கள்.

கடலோரத்து ஆட்களுக்கு எல்லாம் தெரியும் என்றும் சொல்ல முடியாது. 1981இல் தமிழ்நாட்டில் கல்பாக்கத்துக்குப் பக்கத்து வாயலூரில் மட்டி சாப்பிட்ட 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். வழக்கமாகச் சாப்பிடுகிற மட்டிதான். நுண்பாசியிலிருந்து வரும் நஞ்சு சில காலங்களில் மட்டிக்குள் சேர்ந்துவிடும். நிறம், மணம், ருசி எதுவும் மாறாது. இதைக் கண்டுபிடிக்கப் பாட்டி வைத்தியம் போதாது, ஆய்வுகூடம் வேணும்.

எங்கள் பக்கம் அடிக்கடி நடப்பது இன்னொன்று. பலயா போன்ற மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பக்டீரியாக்கள் அதில் ஹிஸ்டமினை உண்டாக்கும். இது நரம்பு நஞ்சு இல்லை. ஆனால் இதுவும் கொதித்தாலும் போகாது. முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடித்தால் “மீன் ஒத்துக்கல” என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள். குறை பல நேரம் சாப்பிட்டவர் உடம்பில் இல்லை, மீன் வந்த வழியில்.

பயந்து மீனை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரதம் கிடைக்கிற மலிவான வழிகளில் கருவாடும் நெத்தலியும் முக்கியம். சொல்ல வருவது இதுதான்: பெயர் தெரியாத, தோலுரித்த மீனை விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். மீன்காரரிடம் என்ன மீன், எந்தக் கரை, ஐஸில் வந்ததா என்று கேளுங்கள். கோபிக்க மாட்டார், அவருக்கும் நாளைக்கு இதே தெருவில் வியாபாரம் செய்யணும். சந்தேகம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருப்பதே இதற்குத்தான்.

சாப்பிட்ட பிறகு உதடும் நாக்கும் மரத்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். பேத்தை நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் நின்றால், நஞ்சு இறங்கும்வரை இயந்திரத்தால் மூச்சுக் கொடுப்பார்கள். அப்படிப் பிழைத்தவர்கள் நிறையப் பேர். அதற்கு நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணும். மலை உச்சி லயத்திலிருந்து ஆட்டோ பிடித்து இறங்கவே எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் காத்திருக்காதீர்கள். மிச்ச மீனையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள், டொக்டருக்கு உதவும்.

வீட்டில் மீன் வாங்குபவர் யாரோ, இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.