தடம் மறையாத கடல்

மயாமிக்குத் தெற்கே ஃப்ளோரிடா சிட்டி என்ற சிற்றூரைத் தாண்டியதும் அமெரிக்காவின் முதலாம் எண் நெடுஞ்சாலை கடலுக்குள் இறங்கிவிடுகிறது. சாலையோரத்தில் சின்னஞ்சிறு பச்சைப் பலகைகள். அவற்றிலுள்ள மைல் எண் 127-ல் தொடங்கி, கீ வெஸ்ட் ஊரில் பூஜ்யத்தில் முடிகிறது. இடையில் தீவு, பாலம், தீவு, பாலம் என்று 42 பாலங்கள். முதலில் இங்கே ஓடியது ரயில். ஹென்றி ஃப்ளாக்லர் என்ற செல்வந்தர் போட்ட அந்தப் பாதையில் 1912 ஜனவரியில் முதல் வண்டி கீ வெஸ்ட் போய்ச் சேர்ந்தது. 1935 செப்டம்பரில் வந்த புயல் பாதையைத் தகர்த்துவிட்டது. தனுஷ்கோடியை அறிந்த நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. மிஞ்சிய பாலங்களின் மேல் சாலை போட்டு 1938-ல் திறந்தார்கள்.

இந்தச் சாலையில் போகும் வண்டிகளின் பின்னால் படகு கட்டியிருப்பது சர்வசாதாரணம். ஃப்ளோரிடாவில் பதிவு பெற்ற படகுகள் ஏறத்தாழ 10 லட்சம். அவற்றில் பெரும்பாலானவை பிழைப்புக்கானவை அல்ல. மீன்பிடி விளையாட்டு, முக்குளிப்பு, வார இறுதிக் கொண்டாட்டம் ஆகியவற்றுக்கானவை. ஓடும் படகின் பின்னால் எழும் வெள்ளை நுரை ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதோடு எல்லாம் முடிந்தது என்று ஓட்டுகிறவர் நினைத்துக்கொள்கிறார். ஆழ்கடலில் அந்த நினைப்பு ஓரளவு செல்லும். இங்கே செல்லாது. சாலைக்கு இடப்பக்கம் அட்லாண்டிக். அதில் சில மைல் தொலைவில் பவளப்பாறைத் தொடர். வலப்பக்கம் ஃப்ளோரிடா விரிகுடா. அதன் சராசரி ஆழமே ஒரு மீட்டர்தான்.

மைல் 102-ஐ ஒட்டி, கீ லார்கோ தீவில் ஜான் பென்னகேம்ப் பவளப்பாறைப் பூங்கா இருக்கிறது. 1960-ல் ஏற்பட்ட இது அமெரிக்காவின் முதல் கடலடிப் பூங்கா. பூங்கா வந்தது, கூட்டம் வந்தது, நங்கூரமும் கூடவே வந்தது. முக்குளிப்புப் படகுகள் தினமும் தேடிப்போவது மிக அழகான பாறையைத்தான். நங்கூரம் விழுவதும் அங்கேதான். காற்று திரும்பும்போது படகு சுற்றும். படகோடு சங்கிலியும் சுற்றி, அடியில் உள்ள பவளத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பல ஆண்டுகள் வளர்ந்த கிளை ஒரு மத்தியானத்தில் பொடியாகும். அழகை ரசிக்க வந்தவர்களின் இரும்பே அந்த அழகைத் தின்றது.

தீர்வு கண்டவர் ஜான் ஹாலஸ் என்ற கடல் உயிரியலாளர். 1981-ல் இங்குள்ள பிரெஞ்ச் ரீஃப் பாறைத்திட்டில் உயிர்ப்பவளம் இல்லாத சுண்ணாம்புப் பாறையாகப் பார்த்துத் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகு வளையத்தைச் சிமெண்டால் பதித்தார். வளையத்தில் கயிறு, கயிற்றின் தலைப்பில் மிதவை. பாறையில் உரசாதபடி நீரில் மிதக்கும் ரகக் கயிறாக இருக்க வேண்டும் என்பதுகூட யோசித்துச் செய்தது. வருகிற படகு நங்கூரம் போடாமல் மிதவையில் கட்டிக்கொள்ளலாம். யாரும் யாரையும் தடுக்கவில்லை, திட்டவில்லை. நங்கூரம் போடுவதைவிட மிதவையில் கட்டுவது எளிது என்பதால் படகோட்டிகள் அதற்கு மாறினார்கள். இன்று உலகெங்கும் பவளக் கடல்களில் இந்த முறை இருக்கிறது.

கீ லார்கோவில் வீடுகளின் கொல்லைப்புறத்திலேயே கால்வாய் ஓடும். கார் நிறுத்துவதுபோல் படகை நிறுத்தியிருப்பார்கள். இந்தக் கால்வாய்களில் நீரோட்டம் குறைவு. படகிலிருந்து கசிவது அங்கேயே தங்கிவிடும். பழைய கார்புரேட்டர் வகை டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், ஊற்றிய எரிபொருளில் கால்பங்கு வரை எரிக்காமலே வெளியே தள்ளும் ஜாதி. நல்லவேளையாக அது வழக்கொழிந்து வருகிறது. படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்க அடிக்கிற வண்ணப்பூச்சின் வரலாறு இன்னும் மோசம். டிரைபியூட்டில்டின் கலந்த பூச்சு சிப்பி, நத்தைகளின் இனப்பெருக்கத்தையே கெடுத்ததால், சிறு படகுகளில் அதை அமெரிக்கா 1988-ல் தடுத்தது. அந்த இடத்துக்குச் செம்பும், அதற்குத் துணையாக இர்கரால் என்ற களைக்கொல்லியும் வந்தன. பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவதே நுண்பாசிதான். பாசியைக் கொல்லும் மருந்து அதை மட்டும் விட்டுவைக்குமா? 2023-ல்தான் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தடை இர்கராலுக்கு வந்தது.

மைல் 90-க்குக் கீழே, இஸ்லமொராடா. வலப்பக்கக் கடல் இங்கே பச்சை, பழுப்பு, வெண்மை என்று திட்டுத் திட்டாகத் தெரியும். பழுப்பு என்றால் அடியில் புல் என்று அர்த்தம். தண்ணீர் முழங்காலளவுதான் இருக்கும். நிறம் படிக்கத் தெரிந்த படகோட்டி சுற்றிப் போவார். வாடகைக்குப் படகு எடுத்த விடுமுறைக்காரர் நேராகப் போவார். புரொப்பெல்லர் தரையைக் கீறிக்கொண்டு போகும். பின்னால் சேறு கலங்கிக் காட்டிக்கொடுக்கும். தரைதட்டிவிட்டால் இன்னும் கேடு. மோட்டாரை நிறுத்தித் தூக்கிவிட்டு, இறங்கித் தள்ள வேண்டும். அல்லது நீர்ப்பெருக்குக்குக் காத்திருக்க வேண்டும். பொறுமையற்றவர் விசையைக் கூட்டுவார். அந்த இடத்தில் புல்லும் மண்ணும் பறந்து குழி விழும்.

இங்கே அதிகம் வளர்வது ஆமைப்புல். பாக் நீரிணையில் ஆவுளியா மேயும் கடற்புற்களில் ஒன்று இதற்கு நெருங்கிய உறவு. இங்கே மேய்கிறவை பச்சை ஆமையும் மேனட்டி என்ற கடற்பசுவும். ஆமைப்புல்லின் உயிர் இலையில் இல்லை. மண்ணுக்குள் படுத்தபடி ஓடும் கிழங்குத் தண்டில் இருக்கிறது. இலையை ஆமை கடித்தால் மறுபடி துளிர்க்கும். தண்டைப் புரொப்பெல்லர் அறுத்தால் தளிர்ப்பதற்கு முனையே இருக்காது. ஒரு கீறல் ஆற ஐந்தாண்டு, பத்தாண்டு ஆகும். அதற்குள் நீரோட்டம் கீறலின் விளிம்பை அரித்து அகலமாக்கிவிட்டால் ஆறாமலே போகும்.

எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குட்பட்ட விரிகுடாப் பகுதியை மட்டும் வான்வழிப் படங்களில் அலசி, 2008-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சுமார் 12,000 கீறல்கள். ஒன்றோடொன்று சேர்த்தால் 325 மைல் நீளம். இந்தச் சாலையைப் போல் இரண்டரை மடங்கு! ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் சில நொடிகள். மேலிருந்து எடுத்த படத்தில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதைப் பார்த்தால், கடல் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தத் தழும்புகளை ஆற்றும் வைத்தியம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆழமான கீறலில் சுண்ணாம்புக் கல்பொடி நிரப்பிய, மக்கிப்போகும் துணிக்குழாய்களை அடுக்கி மேடாக்குகிறார்கள். அதன்மேல் வரிசையாகப் பிளாஸ்டிக் குழாய்க் கம்புகளை நட்டு, உச்சியில் ஒரு மரக்கட்டையை வைக்கிறார்கள். அவ்வளவுதான். நீர்க்காகமும் ஆலாவும் வந்து உட்கார்ந்து எச்சமிடும். இந்த விரிகுடாவில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. எச்சத்தில் அது ஏராளம். உரம் கிடைத்ததும் ஷோல் கிராஸ் என்ற மெல்லிய, வேகமாக வளரும் புல் முதலில் பரவி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாண்டுக்குள் கம்புகளைப் பிடுங்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் உரம் மிஞ்சி, மெல்லிய புல்லே நிலைத்துவிடும். ஆமைப்புல் திரும்ப இடம் கிடைக்காது. பறவையின் எச்சம் ஒரு பிடி மருந்து என்றால், அதே சத்து மனிதக் கழிவாக வாளி வாளியாக விழும்போது என்ன ஆகும் என்பதை அடுத்த ஊர் சொல்கிறது.

மைல் 50, மாரத்தான். இங்கே பூட் கீ துறைமுகத்தில் நகராட்சி அமைத்த 226 கட்டுமிதவைகள் இருக்கின்றன. படகையே வீடாகக் கொண்டு மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் பலர். வாரந்தோறும் ஒரு சிறு படகு ஒவ்வொரு மிதவையாகப் போய், கழிப்பறைத் தொட்டியைக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு வரும். நம் தெருவுக்கு வரும் செப்டிக் டேங்க் லாரியின் கடல் வடிவம். 2002-ல் ஃப்ளோரிடா கீஸ் என்ற இந்தத் தீவுக்கூட்டத்தின் மாநிலக் கடல் எல்லை முழுவதும், 2010-ல் அதைத் தாண்டிய கடற்சரணாலயப் பகுதியும், சுத்திகரித்த கழிவைக்கூடக் கொட்டக் கூடாத மண்டலமாயின. சட்டம் இருந்தும், கழிவை எங்கே கொடுப்பது என்று தெரியாதவர் இரவில் வால்வைத் திறப்பார். படகு தேடி வந்து வாங்கிக்கொண்டால் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்க்ஹார்ன் என்ற கிளைப்பவளத்தை அரித்த வெண்புள்ளி நோய்க்குக் காரணமான செராஷியா மார்செசென்ஸ் பாக்டீரியா மனிதக் கழிவிலிருந்தே வந்தது என்று ஆய்வாளர்கள் 2011-ல் நிறுவினார்கள். அந்தக் கழிவில் பெரும்பங்கு தீவுகளின் செப்டிக் தொட்டிகளிலிருந்தும் கசிவுக்குழிகளிலிருந்தும் ஊறியதே. பெரும் செலவில் பாதாளச் சாக்கடை போட்ட பிறகுதான் அது குறைந்தது. எனவே படகுக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமல்ல. ஆனால் நிலத்துக் கழிவு கலைந்து நீர்த்துப்போய்க் கடலைச் சேர்கிறது. படகின் கழிவு பவளத்துக்கும் புல்லுக்கும் நேர் மேலேயே விழுகிறது.

அதே ஊரில், சாலையோரத்திலேயே, 1986-ல் தொடங்கிய ஆமை மருத்துவமனை இருக்கிறது. படகு மோதி ஓடு பிளந்த ஆமைகள் ஆம்புலன்ஸில் வருகின்றன. சிலவற்றுக்கு ஓட்டுக்கடியில் காற்று தங்கிவிடும். பின்பகுதி மேலே தூக்கிக்கொள்ள, முங்கவே முடியாது. முங்க முடியாத ஆமையால் மேய முடியாது. ஓட்டின்மேல் எடைக்கட்டிகளை ஒட்டிச் சமன்செய்கிறார்கள். ஆமை வளரும்போது ஓட்டின் செதில் உதிரும், எடையும் விழும். மறுபடி ஒட்ட வேண்டும். அப்படிப்பட்ட ஆமையைக் கடலில் விட முடியாது. ஆயுள் முழுக்கத் தொட்டிதான்.

மாரத்தானைத் தாண்டி ஏழு மைல் பாலம். பிறகு பஹியா ஹோண்டா, பிக் பைன் கீ, தெற்கே லூ கீ பவளத்திட்டு. 2023 கோடையில் இந்தக் கடல் கொதித்தது. விரிகுடாவில் ஒரு மிதவைக் கருவி 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டியது. எல்க்ஹார்ன் பவளம் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அதற்கு முன்பே, 2015-ல், வெப்பமும் உப்பும் ஏறி விரிகுடாவில் சுமார் 40 ஆயிரம் ஏக்கர் புல் மடிந்திருந்தது. இவற்றின் முன் நங்கூரமும் புரொப்பெல்லரும் அற்பம் என்று சிலர் வாதிடுவார்கள். நான் ஏற்கவில்லை. வெப்பத்தைக் குறைக்க உலகமே கூட வேண்டும். கீறலைத் தவிர்க்க ஒருவர் மோட்டாரைத் தூக்கினால் போதும். காய்ச்சலில் கிடப்பவரின் உடம்பில் புதிதாகக் காயம் போடக் கூடாது.

மைல் பூஜ்யம், கீ வெஸ்ட். துறைமுகத்துக்கு வெளியே பழைய படகுகள் நங்கூரமிட்டுக் கிடக்கும். மலிவாக வாங்கியவை, மோட்டார் செத்தவை, சொந்தக்காரர் வராதவை. ஒரு புயல் போதும். 2017-ல் இர்மா புயலுக்குப் பின் இத்தீவுகளிலிருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. மரப்படகு மக்கும், கண்ணாடியிழைப் படகு மக்காது. டீசல், பாட்டரி, கழிவுத் தொட்டி, வலை, துணி எல்லாவற்றோடும் மூழ்கி, அலைக்கு அலை புல்லின்மேல் புரண்டு அரைக்கும். மிதக்கும்போதே இழுத்துவருவதைவிட, மூழ்கியதைத் தூக்கச் செலவு பல மடங்கு. அதனால் ஃப்ளோரிடா மாநிலம் இப்போது ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. படகு கைவிடப்படும் நிலைக்குப் போகிறது என்று எச்சரிக்கை பெற்றவர், உரிமைப் பத்திரத்தை எழுதிக்கொடுத்துவிட்டால் போதும். இழுத்துப்போய் உடைக்கும் செலவை அரசே ஏற்றுக்கொள்கிறது. அவர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.