பெட்டிமேல் 1200!

மூச்சு இழுப்பால் பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து பெரியவனுக்கு வீட்டிலேதான் பாடம். அண்ணனைப் பார்த்துச் சின்னவளும் என் தையல் மிஷின் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள். கணக்கு, தமிழ் எல்லாம் சமாளித்தேன். விஞ்ஞானப் புத்தகத்தில் ‘மைக்ராஸ்கோப்பில் பார்’ என்று வந்ததும் முழித்தேன்.

கம்மலுக்காகக் கட்டிய சீட்டுப் பணம் கையில் இருந்தது. கடையில் ஒரு பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப். பெட்டிமேல் ‘1200 மடங்கு’ என்று கொட்டை எழுத்து. 800 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தால், மார்கழிப் பனியில் பெருமாநல்லூர் ரோடு மாதிரி ஒரே மூட்டம்! நான் வருத்தப்படுவேனென்று இரண்டு பேரும் ‘தெரியுதும்மா’ என்றார்களே, அதுதான் மனசைக் குத்தியது.

எங்கள் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவர். கோபிக்கவில்லை. நூல் எண்ணுகிற மடக்குக் கண்ணாடியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தன் பனியன்மேலேயே வைத்து, “இதுல பாரு கண்ணு” என்றார். வளையத்துக்குள் வளையமாக நூல் கோத்திருப்பது பளிச்சென்று தெரிந்தது. ஹாலந்தில் லேவன்ஹூக் என்றொரு துணி வியாபாரி இருந்தார். தாமே தேய்த்துச் செய்த ஒற்றை லென்ஸில்தான் 1670களில் தண்ணீருக்குள் நெளிகிற நுண்ணுயிர்களைப் பார்த்தார். ஜவுளிக்காரர் கண்டது என்றதும் இவருக்குப் பெருமை தாங்கவில்லை!

பிறகு, காலேஜ் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணாவிடம் கேட்டேன். “நம்பரைப் பார்க்காதீங்க அம்மிணி, லென்ஸ் நிஜக் கண்ணாடியான்னு பாருங்க” என்றார். கண் வைக்கும் லென்ஸ் 10, கீழே 4, 10, 40 இருந்தால் 40, 100, 400 மடங்கு கிடைக்கும். பிள்ளைகளுக்கு அதுவே தாராளம். அதற்கு மேலே 100 லென்ஸுக்கு எண்ணெய் விட்டுப் பார்க்கணும்; நமக்கெதற்கு? உடம்பு இரும்பாக இருக்கணும். மெதுவாக நகர்த்தத் தனித் திருகு வேணும். அடியில் பல்பு இருந்தால் நல்லது. கண்ணாடி வைத்ததானால் அதை வெயிலுக்குத் திருப்பவே விடாதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

இவ்வளவு செலவு முடியாதென்றால், ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட காகித மைக்ராஸ்கோப். நாமே மடித்துச் செய்வது. 140 மடங்கு காட்டும். நான் முதலிலேயே அதை வாங்கியிருந்தால் 800 மிஞ்சியிருக்கும்!

கடைசியில் அம்பாலாவில் செய்த மாணவர் மைக்ராஸ்கோப் வந்தது. 3000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கம்மல் அடுத்த சீட்டுக்குப் போயிற்று.

முதல் நாளே பெரியவன் என்ன வைத்தான் தெரியுமா? ஜன்னல் கம்பியில் படிந்திருந்த பஞ்சுத் தூசியை! பருத்தி இழை முறுக்கிய ரிப்பன் மாதிரி, பாலியஸ்டர் வழவழவென்று கண்ணாடிக் குச்சி மாதிரி. வெகுநேரம் பார்த்தான்.

“இதுதானாம்மா எனக்கு இழுப்பு கொடுக்குது?”

“இதுங்க பெருசு சாமி. நெஞ்சுக்குள்ள ஆழமாப் போறது இதைவிடப் பொடிசு.”

பேசாமல் எழுந்து போய், ஈரத்துணி எடுத்து வந்து ஜன்னலைத் துடைத்தான். நான் தினமும் கத்தியும் நடக்காத காரியம்! சின்னவளோ, “அண்ணா, கொஞ்சம் விட்டு வை, எனக்குப் பார்க்கோணும்” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.