தானே வந்த தெப்பம்

கார்வேட்டிநகரத்துப் பிள்ளைகள் கண்டறிந்த நீர்க்கலம் தெப்பம் ஒன்றே. வேணுகோபால சுவாமி கோயிலின் தெப்பத் திருவிழாவில், படிகள் சூழ்ந்த ஸ்கந்த புஷ்கரிணியில் அது மெல்ல வலம் வரும். புறப்பட்ட படித்துறைக்கே திரும்பிவிடும். அவ்வூருக்குக் கடல் தொலைவு. எனினும் தெப்பம் என்னும் சொல் தெலுங்கிலும் உண்டு. ஆந்திரக் கடலோர மீனவர், மரக்கட்டைகளைப் பிணைத்துச் செய்த தம் படகைத் ‘தெப்ப’ என்றே அழைப்பர். அம்மீனவர் வாழும் ஸ்ரீகாகுளம் மாவட்டத்திற்கு 2022 ஆம் ஆண்டில் ஒரு தெப்பம், இழுப்பாரும் செலுத்துவாரும் இன்றித் தானே வந்து சேர்ந்தது.

மே மாதம் கிழக்குக் கரைத் துறைமுகங்கள் ஓய்ந்து கிடக்கும் காலம். மீன்வளம் பெருகும்பொருட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. கிழிந்த வலையைச் செப்பனிடுதல், படகுக்கு வண்ணம் பூசுதல், அதுவும் முடிந்தால் படகின் நிழலிலேயே கண்ணயர்தல் ஆகியவையே அந்நாள்களின் அலுவல். (ஆண்டு முழுவதும் அலையோடு மல்லாடியவர் இரு மாதம் உறங்கினால் அதனைச் சோம்பல் என்பது முறையாகாது.) அவ்வாண்டு ‘அசானி’ புயலும் வங்கக் கடலில் சுழன்றமையால், எவருக்கும் கடலை நோக்கிச் செல்லும் எண்ணமே இல்லை.

அத்தகைய மே 10 ஆம் நாளன்று, சுன்னாப்பள்ளி மீன்பிடித் துறைக்கு அருகே, பொங்கும் அலைகளினூடே பொன்னிறமாக ஒன்று அசைந்து வந்தது. அடுக்கடுக்காக உயர்ந்த கோபுரம்; கூரிய சிகரம்; பார்த்தோர்க்குத் தேர் போன்ற தோற்றம். மீனவர் நீரில் இறங்கிக் கயிறு கட்டி அதனைக் கரைக்கு இழுத்தனர். புயல் அலையில் இறங்குவது எளிய செயலன்று. ஆயினும் இவர்களின் துணிவைவிடப் ‘பொன் தேர் வந்தது’ என்னும் செய்தியே விரைவாகப் பரவியது. கூட்டம் கூடியது, கைப்பேசிகள் உயர்ந்தன. காவல் துறையினரும் வந்து ஆராய்ந்தனர். தேரில் ஆள் எவரும் இல்லை. அதன் மேனி பொன்னிறமே அன்றிப் பொன் அன்று. அதில் அயல்மொழி எழுத்துகள் காணப்பட்டன. தென்கிழக்கு ஆசிய நாடு ஒன்றிலிருந்து அது வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

இது நம்பத்தகாதது அன்று. கடலின் எதிர்க்கரையிலும் தெப்பங்கள் உண்டு. மியான்மரில் உபகுப்தர் என்னும் துறவியின் உருவை மிதவையில் ஏற்றி, படையலுடன் ஆற்றில் விடும் வழக்கம் இருக்கிறது. மிதவை எவ்வூரில் ஒதுங்குகிறதோ, அவ்வூரார் வழிபட்டு மீண்டும் அதனை நீரில் விடுவர். அங்கே தெப்பத்திற்குத் திரும்பும் கடமை இல்லை. குளிர்காலத்தில் வீசும் வடகிழக்குக் காற்று, பிடிப்பற்று மிதக்கும் பொருள்களை மேற்கு நோக்கித் தள்ளும். நாகப்பட்டினக் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் மூங்கில் மிதவைகள் ஒதுங்கியிருப்பதற்கு இக்காற்றும் நீரோட்டமும் காரணங்களாகும்.

ஆனால், மிதந்து வருவன யாவும் வெறுங்கலங்கள் அல்ல. தொலைவில் ஒரு படகு நிலைகெட்டு அசைவதைக் கண்டால், அது என்ன விலை பெறும் என்றா மீனவர் முதலில் நினைப்பர்? உள்ளே ஆள் உண்டா என்பதே அவர்தம் முதல் வினா.

அதே 2022 ஆம் ஆண்டு டிசம்பரில், யாழ்ப்பாணத்தின் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் இயந்திரம் பழுதுற்ற படகு ஒன்று திசையின்றி மிதந்தது. முதலில் கண்டவர்கள் மீனவர்களே. அவர்கள் தெரிவிக்க, இலங்கைக் கடற்படை விரைந்தது. படகில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் இருந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். சுன்னாப்பள்ளித் தேரைச் சுமந்து வந்த அதே வங்கக் கடல்தான் இவர்களையும் சுமந்து வந்தது. இப்படகுக்குப் பொன்வண்ணம் இல்லை. அதில் இருந்தவர்கள் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் கரையேற்றப்பட்டனர்.

ஏறத்தாழ அதே நாள்களில், சுமார் 180 பேருடன் புறப்பட்ட மற்றொரு படகு எக்கரையையும் சேரவில்லை. அது மூழ்கியிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு அஞ்சியது. அதன் வழியில் அதனைக் கண்டு கயிறு வீசுவதற்கு ஒரு மீனவர் படகும் வாய்க்கவில்லை.